பள்ளிக்கூடத் தோட்டம் படம் பிடிக்கவா, பசியாறவா?



நெல்லுக்கு விலை, பாலுக்கு விலை, ஏரிக்குத் தண்ணீர், மோட்டாருக்கு மின் இணைப்பு என்று எழுதிவந்த நாம் இந்த முறை பள்ளிக்கூடத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறோம். "சங்கத்துக்கு வேற வேலை இல்லையா? பிள்ளைங்க செடி வைக்கிறதெல்லாம் ஒரு போராட்டமா?" என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கட்டும். இது பிள்ளைகள் சங்கதி மட்டும் இல்லீங்க. நம்ம கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் ஊருக்குள்ளேயே விலை கிடைக்கிற சங்கதியும் இதுக்குள்ளேதான் இருக்கு.

ஊர் ஊராய்ப் போய்ப் பாருங்கள். தோட்டம் என்ற பெயரில் பல பள்ளிக்கூடங்களில் என்ன இருக்கு? வாசலில் நாலு குரோட்டன்ஸ். சுற்றிச் சாய்த்து நட்ட செங்கல், அதற்கு வெள்ளையும் காவியும் மாற்றி மாற்றிப் பூச்சு. நடுவில் சிமெண்டில் ஒரு கொக்கு. அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் முந்தின நாள் தொட்டிச் செடிகள் வந்து இறங்கும். ஆய்வு முடிந்ததும் வந்த வண்டியிலேயே திரும்பும். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வந்தால் ஒரு மரக்கன்று, அதைச் சுற்றிப் பதினைந்து பேர், ஒரு போட்டோ. அடுத்த ஆண்டு ஜூன் 5க்கு அதே குழி, வேறு கன்று, அதே பதினைந்து பேர். குழி மட்டும் வருஷா வருஷம் ஆழமாகுது. தண்ணி ஊற்றத்தான் ஆள் இல்லை.

உத்தரவு இல்லாமல் இல்லை. 2001-02இல் தேசியப் பசுமைப் படை என்று மத்திய அரசு தொடங்கியது. 2019இல் மதிய உணவுத் திட்டத்தின் கீழ் பள்ளிதோறும் ஊட்டச்சத்துத் தோட்டம் போட வழிகாட்டு நெறிமுறையும் வெளியிட்டது. காகிதம் வந்தது. விதை வந்ததா? வேலி வந்ததா? கோடை விடுமுறையில் தண்ணி ஊற்ற ஆள் வந்ததா? எத்தனையோ ஊர்களில் வந்தது பெயர்ப் பலகை ஒன்றுதான்.

கணக்கைப் பார்ப்போம்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இந்தக் கணக்கில் மிஞ்சுது, பாருங்கள்.

மதிய உணவுக்கு மத்திய அரசு வைத்திருக்கிற அளவுப்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு 50 கிராம் காய்கறி சேர வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 75 கிராம். 100 பிள்ளைகள் சாப்பிடுகிற தொடக்கப் பள்ளிக்கு நாளைக்கு 5 கிலோ. வாரம் 25 கிலோ. ஆண்டுக்கு 200 நாள் என்று குறைத்து வைத்தாலும் ஆயிரம் கிலோ. ஒரு டன் காய்!

இப்போது தோட்டத்துக்கு வாருங்கள். பள்ளி வளாகத்தில் 5 சென்ட் கிடைக்கிறது என்று வைப்போம். பாதை, பந்தல், தொட்டி போகப் பாத்தி நாலு சென்ட்கூடத் தேறாது. பிள்ளைகள் கைவேலை, ரசாயனம் கிடையாது, வருஷத்தில் ஆடி, தை என்று இரண்டு பட்டம். அதில் கால் டன் வந்தால் நல்ல விளைச்சல் என்று நாமே கைதட்டுவோம். தோட்டம் போட்டால் சத்துணவுக்குக் காய் வாங்கவே வேண்டாம் என்று மேடையில் பேசுகிறவர் மண்வெட்டி பிடிக்காதவர். அவர் பேச்சை நம்பி ஒதுக்கீட்டைக் குறைத்துவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை!

சரி, மீதி முக்கால் டன்? அங்கேதான் நாம் வருகிறோம். சத்துணவுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வருது. காய்கறியை மட்டும் அமைப்பாளர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் பாவம், கைக்காசு போட்டுக் கடையில் வாங்கிவிட்டு, பணம் எப்போது வரும் என்று காத்திருக்கிறார். கடைக்காரர் டவுன் மார்க்கெட்டில் வாங்கி வருகிறார். டவுன் மார்க்கெட்டுக்கு அந்தக் காய் எங்கிருந்து போச்சு? நம்ம காட்டிலிருந்து! விடியற்காலை நாம் மூட்டை கட்டி அனுப்பின கத்தரிக்காய் கமிஷன், கூலி, வண்டி வாடகை எல்லாம் கொடுத்துவிட்டு, ரெண்டு நாள் கழித்து வாடிப்போய் நம்ம பிள்ளை தட்டுக்கே திரும்பி வருது. இதைவிடக் கேலிக்கூத்து உண்டா?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சாம்பாரில் தக்காளியைத் தேட வேண்டியிருந்தது. வேறு மாதங்களில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் அதே தக்காளியைச் செடியிலேயே விடுகிறோம். நூறு பிள்ளைகள் சாப்பிடும் பள்ளிக்கும் அரை ஏக்கர் தக்காளிக்கும் நடுவே இரண்டு ஃபர்லாங்கு தூரம்தான். அந்த இரண்டு ஃபர்லாங்கைக் கடக்க ஒரு ஏற்பாடு இல்லை.

முட்டைக்கு ஏற்பாடு இருக்கிறதே! 2010இல் வாரம் ஐந்து முட்டை என்று ஆனது. மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறார்கள், நாமக்கல் பண்ணைகளுக்கு நிச்சயமான சந்தை. நல்லதுதான், பிள்ளைகள் முட்டை சாப்பிடுகிறார்கள். பெரிய பண்ணைக்கு நிச்சயச் சந்தை தர முடிகிற அரசாங்கம், கால் ஏக்கர் வெண்டை போட்டவருக்கு ஏன் தரக்கூடாது? தமிழ்நாட்டில் 40,000க்கும் மேல் சத்துணவு மையங்கள் இருக்கு. சாப்பிடுகிற பிள்ளைகள் சுமார் 40 லட்சம் என்று வைத்தால், ஆளுக்கு 50 கிராமே போட்டாலும் நாளைக்கு 200 டன் காய்கறி. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்து, 2023இல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபிறகு, காலைச் சாம்பாருக்கும் காய் வேணும். இது சின்னச் சந்தையா?

பிரேசில் நாட்டில் 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கிற பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடமிருந்து நேரடியாக வாங்கியாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா? 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கினபோதே ஊர்மக்கள் தானியமும் காயும் கொடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். நம் களத்துக்கும் பள்ளி அடுப்புக்கும் தொடர்பு புதிதல்ல, நடுவில் அறுந்துபோனது.

அப்படியானால் தோட்டமே வேண்டாம், நேராகக் கொள்முதலைக் கேட்டுவிட்டுப் போகலாமே என்று ஒரு கேள்வி சங்கக் கூட்டத்திலேயே வந்தது. கூடாது என்பது நம் கருத்து. பறித்த கீரைக்கும் வந்திறங்கின கீரைக்கும் வித்தியாசம் தெரிந்த பிள்ளைகள் உள்ள பள்ளிதான் நம்ம காயைக் கேட்டு வாங்கும். பாத்தியில் வெண்டை விலை போகாமல் முற்றிப் போவதைக் கண்ணால் பார்த்த வாத்தியார்தான் நமக்காக நாலு வார்த்தை எழுதுவார். தோட்டம் கால் டன் காய் தரும் இடம் மட்டுமல்ல, ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே திறக்கிற படல்.

என் பிள்ளையும் மண்ணில் கிடக்கணுமா?

மண்வெட்டி என்றதும், "நாங்க பட்ட பாடு போதாதா? என் பிள்ளையும் மண்ணிலேயே கிடக்கணுமா?" என்று கேட்கிற தகப்பனும் தாயும் நம் ஊரில் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார். ஊரெல்லாம் கொதித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார்கள். அந்தச் சூடு இன்னும் நம்ம சனத்தின் முதுகில் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

நாம் கேட்கிற தோட்டம் அதற்கு நேர் எதிரானது. வாத்தியார் பிள்ளை, கிராம நிர்வாக அலுவலர் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை, கூலிக்காரர் பிள்ளை எல்லாரும் ஒரே பாத்தியில் கை வைக்க வேண்டும். படிப்பு நேரம் ஒரு நிமிஷம் குறையக்கூடாது. தோட்டமே பாடமாக வேண்டும். பாத்தியின் நீள அகலம் கணக்குப் பாடம். வாரா வாரம் பறித்ததை எடைபோட்டு எழுதுவது கணக்குப் பாடம். பறங்கிப் பூ காலையில் விரியும், சுரைப் பூ பொழுது சாய விரியும். ஆண் பூ எது, பிஞ்சோடு வருகிற பெண் பூ எது என்று பார்த்து, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைத்து, மூன்றாம் நாள் பிஞ்சு திரண்டிருக்கா என்று பார்க்கிற பிள்ளைக்கு மகரந்தச் சேர்க்கையை மனப்பாடம் பண்ணச் சொல்லவே வேண்டாம். அவன் டாக்டராகட்டும், அவள் கலெக்டராகட்டும். கொள்முதல் விலை பற்றிக் கோப்பு வரும்போது கத்தரிச் செடி எப்படி இருக்கும் என்றாவது தெரிந்த கலெக்டராக இருக்கட்டும்.

"படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போவே" என்று வகுப்பிலேயே திட்டுகிறார்களே, அந்தப் பேச்சு முதலில் நிற்க வேண்டும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் அம்மா அப்போது மாட்டைத்தான் மேய்த்துக்கொண்டிருக்கிறாள். நாற்பது பேர் நடுவில் அந்தப் பிள்ளை தன் அம்மாவை நினைத்துத் தலை குனிகிறது. சோறு போடுகிற தொழிலைத் தண்டனையாகச் சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டு, விவசாயத்துக்கு இளைஞர்கள் வருவதில்லை என்று மாநாடு போட்டு அழுவது யாரை ஏமாற்ற?

இன்னொன்றையும் உறுதியாகச் சொல்கிறோம். தோட்ட வேலை தண்டனையாக இருக்கக்கூடாது. "லேட்டா வந்தியா, பத்துக் குடம் தண்ணி ஊத்து" என்றால் பிள்ளைக்குச் செடியைக் கண்டாலே வெறுப்பு வரும். பள்ளிக் கழிவறையைக் கழுவ ஒடுக்கப்பட்ட சனத்துப் பிள்ளைகளையே பொறுக்கி அனுப்புகிற கொடுமை அடிக்கடி செய்தியாக வந்து போகிறது. தோட்டத்திலும் அது நுழையுமானால், அந்தத் தோட்டமே வேண்டாம், வேலியைப் பிடுங்கிப் போடுவோம். பெருக்குவது பெண் பிள்ளை, கொத்துவது ஆண் பிள்ளை என்கிற பிரிவும் கூடாது. முறைப்பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள், பெற்றோர் வந்து பார்க்கட்டும்.

தோட்டம் எப்படி இருக்கணும்?

பள்ளி இடம் பெரும்பாலும் கட்டாந்தரை. கட்டடம் கட்டின ஜல்லியும் இடிபாடும் புதைந்து கிடக்கும். அதைத் தோண்டிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குக் கை கொப்பளிக்கும். மேட்டுப்பாத்தி போடுங்கள். ஏரி வண்டல், மக்கின எரு, காய்ந்த இலைதழை ஒன்றன்மேல் ஒன்றாய் ஒரு முழ உயரம் போதும். வண்டி நம்முடையது, எரு நம்முடையது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

தண்ணிக்கு எங்கே போவது என்பார்கள். நூறு பிள்ளைகள் சாப்பிட்டுக் கையும் தட்டும் கழுவ ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றால் நாளைக்கு 200 லிட்டர் வீணாகச் சாக்கடையில் ஓடி, கொசு வளர்க்குது. குழாயடியிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, அதில் ஜல்லி போட்டு, முதலில் கல்வாழை, அப்புறம் வாழை, சேம்பு என்று வையுங்கள். சோறும் பருக்கையும் ஜல்லியில் தங்கிவிடும், அதை அள்ளி எருக்குழியில் போடலாம். பாத்திகளுக்கு நல்ல தண்ணியைப் பூவாளியில் அளந்து ஊற்றினால் போதும். பூச்சு இல்லாத சுட்ட மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி மூடி வைத்தால் அது கசிந்து கசிந்து சுற்றியிருக்கிற நாலு செடியைக் காப்பாற்றும்.

அடுத்து வடிவம். எல்லாத் தோட்டமும் ராணுவ அணிவகுப்பு மாதிரி நேர்க்கோட்டில்தான் இருக்கணுமா? பிள்ளைகள் கையில் விட்டால் வட்டப்பாத்தி போடுவார்கள், மயில் மாதிரி பாத்தி போடுவார்கள், போடட்டும். நம் சங்கத்தில் மூத்த தமிழாசிரியர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார், நமக்கு ரொம்பப் பிடித்துப்போச்சு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கிறார்களே, அந்த ஐந்தையும் 5 சென்டில் கட்டிக் காட்டினால் என்ன? ஒரு மூலையில் கல்லும் மண்ணுமாய்ச் சின்ன மேடு. அதில் தினையும் வள்ளிக்கிழங்கும். அது குறிஞ்சி. (குறிஞ்சிச் செடியையே கேட்காதீர்கள், அது மலையை விட்டு இறங்காது.) பக்கத்தில் வரகு, சாமை, வேலியில் முல்லைக்கொடி. தண்ணி வந்து தேங்கும் கடைசியில் நாலடிக்கு நாலடி குழியில் ஒரு கைப்பிடி மாப்பிள்ளைச் சம்பா, ஓரத்தில் வாழை, மருதம் ஆச்சு. ஒரு சிமெண்டுத் தொட்டியில் அல்லி, கொசுப்புழு தின்னக் குட்டி மீன். கடல் இல்லாத ஊரில் நெய்தலுக்கு அதுதான் நம்மால் ஆனது.

பாலைக்கு? சும்மா விடுங்கள். ஒரு துண்டு நிலத்தைத் தண்ணி ஊற்றாமல், இலைதழை மூடாமல், அப்படியே விடுங்கள். முல்லையும் குறிஞ்சியும் வளம் கெட்டுத் திரிந்தால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதைப் பிள்ளை ஒரே கோடையில் காலால் மிதித்துத் தெரிந்துகொள்ளும். ஒரு அடி தள்ளி மூடாக்குப் போட்ட மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமும் மண்புழுவும் இங்கே, வெடிப்பு அங்கே. மண்வளம் பற்றி இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் நடத்துகிறார்கள்?

சத்து விஷயத்துக்கு வந்தால், தினமும் கத்தரிக்காய் சாம்பார் போதாது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. இந்தப் பிள்ளைகள்தான் அடுத்து ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். ஆகவே கீரை முதல் பயிர். முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்து 25 நாளில் பறிப்பு. பிள்ளைக்குப் பொறுமை போவதற்குள் பலன். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். வேலியோரம் ரெண்டு முருங்கைப் போத்து, ஒரு அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி. இவை விடுமுறையிலும் தாங்கும்.

விதை நம் வீட்டு விதையாக இருக்கட்டும். பொட்டலத்தில் வருகிற வீரிய ஒட்டு விதை முதல் பறிப்புக்கு நன்றாகத்தான் இருக்கும், அதில் எடுத்த விதையைப் போட்டால் தாய் மாதிரி வராது. அப்புறம் வருஷா வருஷம் கடைக்குப் போ என்று பத்து வயதிலேயே பிள்ளையைப் பழக்கின மாதிரி. நம் பாட்டிமார் முறத்தடியிலும் பரண்மேலும் வைத்திருக்கிற சுரை, பீர்க்கு, அவரை, முள்ளுக்கத்தரி விதையைக் கொண்டுவந்து கொடுங்கள். சாம்பல் கலந்து பாட்டிலில் போட்டு, யார் வீட்டு விதை, எந்த வருஷம் என்று எழுதி, தலைமையாசிரியர் அறை அலமாரியில் ஒரு தட்டு. நம்மாழ்வார் 2013லும் நெல் ஜெயராமன் 2018லும் மறைந்தார்கள். அவர்கள் ஊர் ஊராய்ச் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போன விதைகள் நம் பிள்ளைகள் கைக்கு வராமல் போனால் யாருக்கு நட்டம்?

ஒரு சொட்டு விஷமும் வேண்டாம்

பள்ளி வாசலுக்குள் பூச்சிமருந்து டப்பா வரக்கூடாது, காலி டப்பாகூட வரக்கூடாது. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். சோதித்துப் பார்த்தபோது சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ். நம்ம ஊர்க் கடையிலும் தாராளமாய்ப் புழங்கிய அதே மருந்துதான். காலியான மருந்து கேனைக் கழுவி மண்ணெண்ணெய் வைக்கிற, தண்ணி மோந்து குடிக்கிற பழக்கம் எந்த ஊரில்தான் இல்லை? தோட்டத்தில் புழுவைக் கையால் பொறுக்கப் பிள்ளைகளுக்கு நிகர் யாரும் இல்லை, போட்டி போட்டுப் பொறுக்குவார்கள். மீறினால் அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓரிரவு ஊறவைத்து வடித்து, 10 லிட்டருக்குச் சேர்த்துத் தெளிக்கலாம். ஜீவாமிர்தம் வேணுமென்றால் நாம் ஏக்கருக்குக் கரைக்கிற கணக்கில் பத்தில் ஒரு பங்கு: சாணம் ஒரு கிலோ, கோமியம் ஒரு லிட்டர் வரை, வெல்லமும் பயறு மாவும் 200 கிராம் வீதம், ஒரு பிடி வரப்பு மண், 20 லிட்டர் தண்ணி.

காட்டாமணக்கு, ஆமணக்கு, அரளி, ஊமத்தை இவற்றை வேலியிலும் வைக்காதீர்கள். காட்டாமணக்கு விதையைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் கூட்டமாய் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் எத்தனை! பயோடீசல் வந்து கொட்டப் போகுது என்று 2000களில் நம் தலையில் கட்டப் பார்த்தார்களே, அதே காட்டாமணக்குத்தான். உயிர்வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும் இருக்கு, ஆடு வாய் வைக்காது. பந்தலுக்கும் கீற்று வேண்டாம், கொடிப்பந்தலே போதும். 2004இல், அதுவும் ஒரு ஜூலை 16, கும்பகோணத்தில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரையில் பற்றி 94 பிள்ளைகள் கருகினதை நாம் மறக்கவில்லை.

கோடை விடுமுறைதான் எல்லாப் பள்ளித் தோட்டத்துக்கும் எமன். ஏப்ரலில் பூட்டு, ஜூனில் திறந்தால் சுள்ளிதான் மிச்சம். இதற்கு உத்தரவால் தீர்வு வராது, ஊரால்தான் வரும். தைப்பட்டக் காயில் நல்லதாய் நாலை முற்ற விட்டு ஏப்ரலில் விதைக்கு எடுத்துவிட வேண்டும். பாத்தியை ஒரு சாண் உயரம் தழையால் மூடிவிட வேண்டும். மரவகைகளுக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் தண்ணி. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்தால் ஏழெட்டு வீட்டோடு விடுமுறை முடிந்துவிடும். அந்த வாரம் காய்க்கிற முருங்கையும் பப்பாளியும் அந்த வீட்டுக்கு. ஜூனில் மண் கிளறினால் ஆடியில் விதைக்கலாம். பள்ளி ஆண்டும் பட்டமும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருப்பது நம் அதிர்ஷ்டம்.

வாத்தியார்களுக்கு ஒரு வார்த்தை. பதிவேடும் செல்போன் செயலியுமாய் நீங்கள் படுகிற பாடு எங்களுக்குத் தெரியும். தோட்டத்தையும் உங்கள் தலையில் கட்ட வரவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் ஊரில் அனுபவப்பட்ட உழவர் ஒருவர், ஆணோ பெண்ணோ, வந்து நிற்கட்டும். வகுப்பில் அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். அது போதும்.

நம் கோரிக்கை

பள்ளி வளாகத்தில் தோட்டத்துக்கு ஒதுக்கும் இடத்தை அளந்து பதிவேட்டில் ஏற்ற வேண்டும், பிறகு அதை வேறு கட்டடத்துக்கு எடுக்கக்கூடாது. வேலிக்கும் தண்ணித் தொட்டிக்கும் அரசு பணம் தர வேண்டும். விதையும் எருவும் ஊர் தரும். தோட்டத்தில் விளைவதைக் காட்டிக் காய்கறிப் பணத்தில் ஒரு பைசா பிடிக்கக்கூடாது. சத்துணவுக்கும் காலை உணவுக்கும் வேண்டிய காய்கறியை அந்த ஊராட்சிச் சிறு விவசாயிகளிடமே முதலில் கேட்டு வாங்க வேண்டும், விலை அன்றைய உழவர் சந்தை விலை. 1999இலிருந்து உழவர் சந்தையில் தினமும் விலை எழுதிப் போடுகிறார்கள், ஆகவே விலை தெரியாது என்ற சாக்குக்கு இடமில்லை. பணம் வாரா வாரம் வர வேண்டும். அமைப்பாளரைக் கடனாளி ஆக்கித்தான் நமக்குப் பணம் வர வேண்டும் என்றால் நமக்கு அது தேவையில்லை. சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் இறங்கும்போது நாமும் கொடியோடு போய் நிற்க வேண்டும்.

இது மேலே போய்க் கேட்க வேண்டியது பாதி, ஊருக்குள்ளேயே முடிக்க வேண்டியது பாதி. கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு, அதில் பெரும்பாலோர் பெற்றோர்கள்தான். கூட்டத்துக்குப் போகாமல் கையெழுத்தை மட்டும் வீட்டுக்கு வரவழைக்கிற வழக்கத்தை விடுங்கள். தோட்டம், கொள்முதல் இரண்டையும் அங்கே முதலில் எழுத வையுங்கள். பிறகு கிராமசபை. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் இருக்கு. மே 1 அன்று தீர்மானம் வைத்தால் ஜூன் திறப்புக்கும் ஆடிப்பட்டத்துக்கும் கைகூடும். தாய்மார்கள் முன்வரிசையில் உட்காருங்கள். பிள்ளை தட்டில் என்ன விழுது என்று உங்களுக்குத்தான் தெரியும். யார் வீட்டில் எந்தக் காய், எந்த மாதம், எத்தனை கிலோ கொடுக்க முடியும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். பட்டியல் இருந்தால் அதிகாரி "பார்க்கலாம்" என்று நழுவ முடியாது. தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி முடித்த பிறகு, அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்று வாங்கி வட்டக் குழு அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.